நொச்சி இலைக்குக் கடல் தாண்ட அனுமதி இல்லை

கிணற்றில் தண்ணீர் வந்ததும் எனக்கு வேலை போயிற்று. சந்தவாசலை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு மலைப்பக்கம் நடந்துகொண்டிருந்தேன். மாசி வெயில். தூர் அள்ளி அள்ளி உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. தண்ணீர் ஊறிய அன்று கிணற்றுக்காரர் பொங்கல் வைத்து எல்லோருக்கும் இலை போட்டார். சாப்பிட்டுக் கை கழுவியதும் இனி ஆள் வேண்டாம் என்றார். நல்ல மனிதர். தண்ணீர் வந்த கிணற்றுக்குள் என்னை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

நான் தூத்துக்குடிக்காரன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. உப்பளம், ஐஸ் கம்பெனி, துறைமுகத்துக்கு வெளியே கண்டெய்னர் பெட்டிகளைக் கூட்டிப் பெருக்கும் வேலை, அப்புறம் தோணியில் மாலத்தீவு. வெங்காயமும் செங்கல்லும் கொண்டுபோய் இறக்கினோம். திரும்பி வந்தபோது கடல் சலித்துப்போயிருந்தது. மலை என்று ஒன்றை இதுவரை பார்த்ததில்லையே என்று வடக்கே ரயில் ஏறினேன்.

புளியந்தோப்புக்கு நடுவே ஒற்றையடிப் பாதை மேலே போயிற்று. உலுக்கும் காலம். மரத்துக்கு ஒரு ஆள் ஏறி நின்று கொம்பால் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு மரத்தின் உச்சியிலிருந்து குரல் வந்தது.

"இன்னாபா, பஸ்ஸு ரோட்ட உட்டுட்டு இப்டி ஏறிக்கினு போற?"

"நடந்தா காசு மிச்சம்லா" என்றேன்.

"டேய், லா லான்றான்டா! எந்த ஊருக்காரன்டா இவன்?" என்று அடுத்த மரம் கேட்டது. இரண்டு மரங்களும் சிரித்தன. ஒரு கொத்துப் புளி என் தலைமேல் விழுந்தது. குறி பார்த்துத்தான் போட்டிருப்பார்கள். வழியெல்லாம் சப்பிக்கொண்டே போனேன்.

உச்சி வெயிலுக்குத் தார்ச்சாலை வந்தது. காவலூர் போகும் பேருந்தில் ஏறினேன். உட்கார இடமில்லை. இருக்கைகளில் மனிதர்களும் நடைபாதையில் புளிக் கூடைகளும் இருந்தன. ஒரு கூடை விளிம்பில் ஒட்டிக்கொண்டேன். மூன்றாவது வளைவில் இன்ஜின் கொதித்து வண்டி நின்றுவிட்டது. எங்கள் ஊரில் பேருந்து நின்றால் முதலில் ஓட்டுநரின் பரம்பரையைத் திட்டுவார்கள். இங்கே யாரும் வாய் திறக்கவில்லை. பெண்கள் கூடைகளை இறக்கி, சாலையோர நிழலில் வட்டமாக உட்கார்ந்து புளியில் கொட்டை எடுக்க ஆரம்பித்தார்கள். நடத்துநரும் ஒரு கல்லை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இன்ஜின் ஆறும்போது ஆறட்டும்.

எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. நடந்தேன். இரண்டு பக்கமும் சரிவு முழுக்க உன்னிச்செடி. ரோஜா நிறமும் மஞ்சள் நிறமுமாகப் பூத்துக் கிடந்தது. பார்க்க அழகுதான், உள்ளே கால் வைக்க முடியாது. முள் சட்டையைப் பிடித்து இழுத்தது. அந்தச் செடியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நெல்லிக்கொல்லை என்ற ஊரின் முனையில் சாமை குத்தும் மில் ஒன்று இருந்தது. ஓட்டுக் கொட்டகை. வாசலில் லாரி நின்றது. பெண்கள் ஆளுக்கொரு மூட்டையைத் தூக்கமுடியாமல் இழுத்துக்கொண்டிருந்தார்கள். கைலியும் தொப்பியுமாக லாரிக்காரர் சக்கரத்தில் சாய்ந்து நின்றார். செங்கத்துக்காரர், அன்வர் பாய் என்று பெயர்.

"நைனா, மூட்ட தூக்குவியா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "ரெண்டு ஆளுங்க வர்றேன்னு சொல்லிட்டுப் புளி உலுக்கப் போய்ட்டானுங்க."

"சோறு உண்டா?"

"உண்டு" என்றது ஒரு பெண் குரல். "சாமச்சோறு. மீனு கீனு கேக்காத."

அவர்தான் கோவிந்தம்மா. நாற்பதைத் தாண்டியவர். கூந்தலை இறுக்கி முடிந்து, சேலையை இடுப்பில் தூக்கிச் செருகியிருந்தார். அந்த மலையில் பல ஊர்ப் பெண்கள் சேர்ந்து நடத்தும் குழுவுக்குத் தலைவி அவர்.

நான் ஊர் பெயரைச் சொல்லவேயில்லை. மீன் தின்கிறவன் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "உப்புல ஊறின மூஞ்சி" என்றார்.

முதல் மூட்டையைத் தோளில் ஏற்றியபோது காதோரம் ஒரு வாசனை அடித்தது. நொச்சி. சளி பிடித்தால் வெந்நீரில் போட்டு ஆவி பிடிப்போமே, அந்த நொச்சி. இரண்டாவது மூட்டையிலும் அதே வாசனை. அதைக் கீழே வைத்தேன், மூன்றாவதைத் தூக்கவில்லை.

"யக்கா, இது எங்க போவுது?"

"மலேசியாவுக்கு" என்றார். அந்தச் சொல்லை அவர் சொன்ன விதத்தில் ஒரு நிமிர்வு இருந்தது. "மெட்ராசுக்குப் போயி, ஆர்பர்ல கப்பல் ஏறுது. எங்க மலையிலருந்து மொத தபா."

"உள்ள என்ன போட்டிருக்கீங்க? நொச்சி வாசம் அடிக்கே."

"அடிக்கும்" என்றார் கொட்டகை வாசலில் கோணி ஊசியோடு உட்கார்ந்திருந்த ஒருவர். நரைத்த மீசை, இடுப்பில் சூரிக்கத்தி. "நான்தான் போட்டேன். மூட்டைக்கி ரெண்டு கைப்பிடி. வாயில போட்டுத் தச்சிட்டன்னு வச்சிக்கோ, வண்டு அண்டாது. கப்பலு எத்தினி நாளு போவுதோ, எவன் கண்டான்?"

அவர் காளி. கோவிந்தம்மாவின் கணவருக்கு அண்ணன். சாமை மூட்டை கட்டினால் நொச்சி போட்டுத்தான் வாயைத் தைப்பார்கள். அந்த மலையில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். கடலுக்கு அப்பால் போகிற சாமை என்பதால் இந்தத் தடவை நல்ல இலையாகப் பார்த்துப் பறித்து, ஒரு பிடிக்கு இரண்டு பிடியாகப் போட்டிருந்தார்கள்.

ஏற்கெனவே லாரியில் ஏறியிருந்த மூட்டைகளை எட்டிப் பார்த்தேன்.

"எல்லாத்தையும் இறக்கணும்" என்றேன்.

அன்வர் பாய் சிரித்தார். பெண்கள் சிரித்தார்கள். காளி மட்டும் ஊசியைக் கீழே வைத்தார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தூத்துக்குடியில் நான் கண்டெய்னர் பெருக்கியபோது எங்கள் மேஸ்திரி சொல்லும் முதல் பாடம், மூலையில் ஒரு இலை கிடக்கக்கூடாது என்பதுதான். மண் கூடாது, வைக்கோல் கூடாது, இலை கூடவே கூடாது. அரசாங்கத்தின் பயிர்ச் சோதனைக்காரர்கள் பார்த்துச் சான்று கொடுத்தால்தான் தானியம் கப்பல் ஏறும். இங்கே தப்பினாலும் அந்தக் கரையில் பிடிப்பார்கள். ஒரு தடவை மிளகாய் வற்றல் போன பெட்டி ஒன்று அப்படித்தான் திரும்பி வந்தது. இறக்கியதில் நானும் ஒருவன். நாள் கணக்கில் கடலில் கிடந்த வற்றல். கண் எரிச்சல் அடங்க ஒரு வாரம் ஆயிற்று. அனுப்பிய வியாபாரியின் கண்ணைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை.

கோவிந்தம்மா மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

அவர் ஏன் அப்படி உட்கார்ந்தார் என்பது சாப்பாட்டின்போது தெரிந்தது. சாமைச் சோறு, கொள்ளு ரசம், ஏதோ ஒரு மலைக்கீரைக் கடையல். மீன் இல்லாத சோறு எனக்கு இறங்காது என்று நினைத்தேன், மூன்று முறை வாங்கினேன். வருஷா வருஷம் அறுப்பு முடிந்ததும் செங்கத்திலிருந்து வியாபாரி களத்துக்கே வந்து, அவர் சொன்ன விலைக்கு அள்ளிப் போவாராம். இந்த வருஷம் கோவிந்தம்மா வீடு வீடாகப் போய், விற்காமல் வைத்திருங்கள், நாமே குத்தி நாமே அனுப்புவோம் என்று கேட்டிருக்கிறார். நம்பி வைத்திருந்தார்கள். கல்யாணம் வைத்த வீடுகூட விற்காமல் வைத்திருந்ததாம்.

"நாளான்னிக்கி சாயங்காலத்துக்குள்ள ஆர்பர் கேட்டுக்குள்ள பெட்டி போவணும். அதுக்கு மேல அந்தக் கப்பலுக்கு ஏத்த மாட்டாங்க" என்றார். "இது திரும்பி வந்துச்சுன்னா, அடுத்த வருஷம் ஒருத்தரும் என் பேச்ச கேக்க மாட்டாங்க. அந்த ஆளு மறுபடி களத்துல வந்து நிப்பாரு. நானே அவருக்குத் தராசு புடிக்கணும்."

"எங்க எலயில இன்னாய்யா இருக்குது, விஷமா?" காளிக்கு இன்னும் ஆறவில்லை. "புள்ளைங்களுக்கு ஆவி புடிக்கிறோம். மாட்டுக்குக் குடுக்கறோம். இன்னிக்கி வந்த நீ தூக்கிப் போடுன்றே."

"விஷம்னு யாரும் சொல்லல அண்ணாச்சி. எலையில பூச்சி முட்டை ஒட்டியிருக்கும்னு பயம். தெரியாத ஊரு எலைய யாரும் உள்ள விடமாட்டாங்க."

"நாங்க உடறமே! எங்க மலைக்கி எவன் வந்தாலும் உள்ள உட்டு சோறு போடறோம். ஒனக்குப் போடல?"

தட்டில் அவர்கள் சோறு இருந்தது. எதிர்ச் சரிவைப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய தூரம் உன்னிச்செடி பூத்திருந்தது.

"அது இந்த மலைச் செடியா அண்ணாச்சி?" என்றேன்.

"எது, உன்னியா? தூ. அந்தக் கருமாந்தரத்தப் பத்திப் பேசாத. எங்க தாத்தன் ஆடு மேச்ச எடம் பூரா அதான். வெட்டினா தழையுது, கொளுத்தினா தழையுது. ஆடு மாடு தின்னா நோவு வருது."

"அதும் கப்பல்ல வந்ததுதான். பூ அழகா இருக்குன்னு வெள்ளைக்காரன் கொண்டாந்து தோட்டத்துல வச்சானாம். எங்க மேஸ்திரி சொல்லுவாரு. அன்னைக்கு வாசல்ல நின்னு தடுக்க ஆள் இல்ல."

காளி அந்தப் பக்கம் திரும்பினார். எதிர்ச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து கை கழுவினார். லாரிக்குப் போய்ப் பின்கதவைத் திறந்தார். இடுப்பிலிருந்த சூரிக்கத்தியை எடுத்து, தானே தைத்த முதல் மூட்டையின் தையலை அறுத்தார்.

"எவன் ஊரு மலைக்கோ நம்ப எல போயி உன்னியா மொளைக்கக் கூடாது" என்றார். "கோயிந்தம்மா, மொறம் கொண்டாரச் சொல்லு."

"எத்தினி மொறம் மாமா?"

"ஊருல இருக்கிறதெல்லாம்."

மறுநாள் விடிந்தபோது பனி மூட்டத்துக்குள்ளிருந்து பெண்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்தார்கள், ஒவ்வொருவர் தலையிலும் முறம். மில்லில் சலிக்கும் இயந்திரம் இருந்தது, ஆனால் கரண்ட் இல்லை. எப்போது வரும் என்று கேட்டேன். "வந்தா வரும்" என்றார்கள். களம் முழுக்கத் தார்ப்பாய் விரித்தோம். இலை வாய்ப்பக்கம்தான் போட்டது என்றாலும், இழுத்ததில் நொறுங்கிப் பாதி மூட்டை வரை இறங்கியிருந்தது. எல்லாவற்றையும் கொட்டினோம்.

முறங்கள் எழும்பி விழும் சத்தத்தை அதற்கு முன் அவ்வளவு எண்ணிக்கையில் நான் கேட்டதில்லை. எங்கள் ஊரில் அலை கரையில் அடித்துத் திரும்பும்போது சிறு சங்குகள் உருளும், அந்தச் சத்தம்தான். தானியம் முறத்தில் பின்னால் விழ, இலைத்தூள் முன்னால் பறந்தது. நானும் ஒரு முறத்தை வாங்கிப் பார்த்தேன். தூள் முறத்திலேயே நின்றது, சாமை பறந்தது.

"யோவ் கடல்காரரே, கப்பல் ஏறவேண்டியத மண்ணுல ஏத்துற" என்று ஒரு கிழவி பிடுங்கிக்கொண்டாள். என்னை மூட்டை தூக்கப் போகச் சொன்னார்கள். அது எனக்குத் தெரிந்த வேலை.

காளி ஒவ்வொரு குவியலாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார். நேற்றுவரை தன் இலைக்காகச் சண்டை போட்டவர், இன்று இலையைக் கண்டால் எதிரியைக் கண்டமாதிரி எடுத்தார். "இது இன்னா? இது இன்னான்றேன்? கண்ணு தெரியலயா ஒனக்கு?" அந்தப் பெண் நிதானமாகச் சொன்னாள்: "போட்டது நீ. பொறுக்கறது நாங்க. கொஞ்சம் மெதுவாப் பேசு மாமா." களமே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார்.

பிற்பகலில் கரண்ட் வந்தது. அதற்குள் கடைசிக் குவியல் மட்டும்தான் மிச்சம். அதையும் முறத்தாலேயே முடித்தார்கள், இயந்திரத்துக்கு அந்தப் பெருமையைக் கொடுக்க மனமில்லை. சாக்குகளை உதறி, வெயிலில் திருப்பிப் போட்டு, மறுபடி நிரப்பி, காளி ஒருவரே உட்கார்ந்து வாய் தைத்தார். வெயில் சாயும்போது லாரி கிளம்பியது.

வண்டிக்குள் அன்வர் பாய், கோவிந்தம்மா, காளி. காளியை யாரும் கூப்பிடவில்லை. "என் எலய வேணாம்ன்ற ஆளு யாருன்னு நானும் பாக்கணும்" என்று வேட்டியை மடித்துக்கொண்டு ஏறிவிட்டார். எனக்கு மூட்டைகளின் மேல், தார்ப்பாய்க்கு அடியில் இடம். குளிர் எலும்பைத் தொட்டது. மாலத்தீவுத் தோணியில் வெங்காய மூட்டைமேல் படுத்திருக்கிறேன், அதைவிட இது வாசனையாக இருந்தது. மலை இறங்கும் வழியில் பின்சக்கரம் ஒன்று காற்று இறங்கிவிட்டது. மாற்று டயர் வழுக்கையாக இருந்தது. "இன்ஷா அல்லா போய்டும்" என்றார் பாய். போனது.

சென்னையில் வெயிலும் ஈரமும் ஒன்றாக முகத்தில் அறைந்தன. துறைமுகத்துக்கு வெளியே சின்னச் சரக்குகளைச் சேர்த்துப் பெட்டியில் அடுக்கும் ஒரு கிடங்கு. எங்கள் சாமைக்குப் பாதிப் பெட்டி. மீதிப் பாதி ஈரோட்டிலிருந்து வந்த யாரோ ஒருவரின் மஞ்சள். முழுப் பெட்டி நிறைக்க முடியாதவர்கள் இப்படிச் சேர்ந்து போகலாம் என்று நான் சொன்னபோது காளி மஞ்சள் மூட்டைகளைச் சுற்றி வந்து மோந்து பார்த்தார். "இவன் எல போட்டிருக்கானா?" இல்லை என்றேன். திருப்தியாகத் தலையாட்டினார்.

சோதனைக்கு ஒரு அம்மா வந்தார். கண்ணாடி, தலையில் தொப்பி, கையில் மாதிரி எடுக்கும் குழல் குத்தூசி. வலது பக்க அடுக்கில் ஒரு மூட்டையைக் குத்தி, ஊசிக்குள் வந்த சாமையை உள்ளங்கையில் கொட்டினார். விரலால் பரப்பினார். பிறகு கையை முகத்தருகே கொண்டுபோனார்.

"இது என்ன வாசனை?"

இலை போய்விட்டது. வாசனை போகவில்லை. இதை நான் யோசிக்கவே இல்லை. கோவிந்தம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நொச்சிம்மா" என்றார் காளி. "நாங்கதான் போட்டோம். அப்பறம் நாங்களே எடுத்துட்டோம்."

"எதுக்குப் போட்டீங்க, எதுக்கு எடுத்தீங்க?"

"வண்டு வரக்கூடாதுன்னு போட்டோம். எங்க மலை பூரா உன்னி மண்டிக் கெடக்குதும்மா. அது கப்பல்ல வந்ததாம். அன்னிக்கி உங்களாட்டம் ஒருத்தர் வாசல்ல நின்னு மோந்து பாத்திருந்தா எங்க ஆட்டுக்குப் புல்லு இருந்திருக்கும். அதான் எடுத்துட்டோம்."

அந்த அம்மா கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் மூட்டை பிரிக்கணும்" என்றார். அவர் கை காட்டியதையெல்லாம் பிரித்தோம். மேலேயிருந்து, அடியிலிருந்து, நடுவிலிருந்து. ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டிச் சலித்தார். சல்லடையில் ஒரு துணுக்கு நின்றது. இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கோவிந்தம்மாவின் கை என் தோளைப் பிடித்தது. என் தோள் அவருக்கு அந்த நேரத்தில் ஒரு தூண், அவ்வளவுதான். நகம் பதிந்தது.

"உமி" என்றார் அந்த அம்மா. "சாமை உமி."

தட்டை உதறிவிட்டுக் காகிதத்தில் எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே காளியிடம் சொன்னார்: "வாசனைக்குச் சட்டம் எதுவும் கிடையாதுங்க பெரியவரே. தாராளமா போகட்டும். மருந்துப் புகை போட்டதும் சான்று வாங்கிக்கங்க."

"அப்ப எங்க நொச்சி வாசம் மலேசியா போவுது" என்றார் காளி. அப்போதுதான் அந்த அம்மா சிரித்தார்.

புகை போட்டு, பெட்டி பூட்டி முத்திரை வைத்து, டிரெய்லரில் ஏற்றியபோது பிற்பகல் தாண்டியிருந்தது. நாங்கள் அன்வர் பாயின் லாரியில் அதன் பின்னாலேயே போனோம். துறைமுகத்துக்குள் போக எங்களுக்கு அனுமதி இல்லை. வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடையில் நின்றோம். மதிலுக்கு மேலே கிரேன்கள் வானத்தில் நின்றன. வாசலை நோக்கி வண்டிகளின் வரிசை. எங்கள் பெட்டிக்கு முன்னால் புத்தம் புதுக் கார்களை ஏற்றிய நீளமான வண்டி. பின்னால் வீடு அளவுக்குக் கருங்கல் பாளங்கள் ஏற்றிய வண்டி.

"முன்னாடி யாரு?" காளி கேட்டார்.

"கார் கம்பெனிக்காரங்க. வெளிநாட்டுக்குப் போவுது."

"பெரிய கம்பெனியா?"

"ரொம்பப் பெருசு அண்ணாச்சி."

"அவனும் வரிசையிலதான் நிக்கிறானா?"

"நிக்கான்லா."

காளி டீயை வாங்கி ஒரு வாய் குடித்தார். "நம்ப சாமைக்கி முன்னாடி நிக்கிறான், அவ்ளோதானே. நமக்கு முன்னாடி வந்தான், நிக்கிறான். இந்த எடம் யாருது?"

"அரசாங்கத்தோடது. நம்ம எல்லாருதும்."

பேப்பரில் பொருளாதாரம் என்று பெரிதாக எழுதுவார்கள், எனக்கு அதில் பாதி புரியாது. அந்த டீக்கடையில் புரிந்ததைச் சொல்கிறேன். நாட்டின் கரையில் அரசு சில வாசல்களைக் கட்டி வைத்திருக்கிறது. ஆழம் தோண்டி, அலை தடுத்து, விளக்கு வைத்து, கட்டணம் இவ்வளவு என்று பொதுவில் அறிவித்து. அது தனி ஒருவரின் வாசலாக மட்டும் இருந்தால், பாதிப் பெட்டிச் சாமைக்காரி எந்தக் காலத்தில் உள்ளே போவாள்? கார்க்காரர் தனக்கென்று ஒரு துறைமுகமே கட்டிக்கொள்வார். கோவிந்தம்மாவால் முடியுமா? அந்த வாசல் இல்லாவிட்டால் களத்துக்கு வருகிற வியாபாரி ஒருவர்தான் அவருக்கு உலகச் சந்தை.

வெளியே வந்துகொண்டிருந்த வண்டிகளையும் காட்டினேன். ரேஷன் கடையில் வாங்கும் பாமாயிலில் பெரும்பகுதி கப்பலில் வருவது, யூரியாவிலும் நிறையக் கப்பல் சரக்கு, மில்லுக்கு வரும் கரண்டுக்கான நிலக்கரிகூடக் கப்பலில் வருவதுண்டு என்றேன். காளி டீ கிளாசைக் கீழே வைத்தார்.

"அப்ப கப்பலு எப்பவோ நம்ப மலைக்கி வந்துட்டுது" என்றார். "நாமதான் இன்னிக்கித்தான் போறோம்."

"கரண்டு மட்டும் கப்பல்லயே தங்கிட்டுது போல" என்றார் கோவிந்தம்மா.

வரிசை நகர்ந்தது. கார்கள் உள்ளே போயின. எங்கள் டிரெய்லர் வாசலில் நின்றது, காவலர் முத்திரையைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், கையை ஆட்டினார். பெட்டி உள்ளே போய், அதே மாதிரி பெட்டிகளுக்கு நடுவே மறைந்தது. அவ்வளவுதான். மேளமில்லை, தாளமில்லை. அன்வர் பாய் லாரி ஹாரனை நீளமாக அடித்தார். பாதி ரோடு திரும்பிப் பார்த்தது.

கோவிந்தம்மா மலைக்குப் போன் போட்டார். ஊரில் சிக்னல் கிடைக்கும் பாறையில் எல்லோரும் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். "உள்ள போய்ட்டுது" என்றார். ஒரே வார்த்தையாக அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். போனிலிருந்து வந்த கூச்சலில் டீக்கடைக்காரர் என்ன ஆச்சு என்று பயந்து கேட்டார். "சாம கப்பல் ஏறுதுண்ணே" என்று கோவிந்தம்மா சொல்லி, அவருக்கும் ஒரு டீ சேர்த்துக் காசு கொடுக்கப் போனார். டீக்கடைக்காரர் யாரிடமும் வாங்கவில்லை.

நாங்கள் திரும்பி மலை ஏறியபோது நெல்லிக்கொல்லையில் பம்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். சாமைப் பாயசம், மேலே மலைத்தேன். கல்யாணம் வைத்திருந்த வீட்டுக்காரர் கோவிந்தம்மாவின் முன்னால் வந்து நின்றார், அவர் கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் திணித்துவிட்டுப் போனார். கூட்டத்துக்கு நடுவில் காளி துறைமுகத்தை விவரித்துக்கொண்டிருந்தார். அவர் கதையில் எங்கள் பெட்டி கார்களுக்கு முன்னால் போய்விட்டிருந்தது. நான் திருத்தவில்லை.

செங்கத்து வியாபாரி அன்று காலை வந்து போனதாகச் சொன்னார்கள். அடுத்த வருஷத்துக்கு இப்போதே பேசிக்கொள்ளலாமா, விலையைக் கொஞ்சம் பார்த்துச் செய்யலாம் என்றாராம். "பாக்கலாம்னு சொல்லியனுப்பு" என்றார் கோவிந்தம்மா. அந்தச் சொல்லை அவர் ரசித்துச் சொன்னார்.

மறுநாள் காலையில் பையை எடுத்துத் தோளில் போட்டேன். காவலூர்ப் பக்கம் போகலாம் என்று நினைப்பு. கோவிந்தம்மா மில் வாசலிலேயே மறித்தார்.

"எங்க போற? அடுத்த லாரிக்கி வூட்டுக்கு வூடு சாம வந்துக்கினு இருக்குது. நீ இங்க நில்லு. சாக்கு வாய் தைக்கறதுக்கு முன்னாடி பாரு. எல, குச்சி, மண்ணு எதுவும் உள்ள போவக்கூடாது. அதான் வேல. சோறு எங்க வூட்ல."

"எம்புட்டு நாளுக்கு?"

"நீ ஓடிப் போற வரைக்கும்."

கடலைத் தாண்டியவனுக்கு இலை பார்க்கிற வேலை. பையை ஆணியில் மாட்டினேன். கொட்டகை வாசலில் ஒரு முறத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்காரப் போனேன். முறத்தின் மேல் உட்காரக்கூடாது என்று நாலு பேர் கத்தினார்கள். நின்றேன்.

முதல் மூட்டை நிரம்பியது. காளி கோணி ஊசியில் சணல் கோத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். துறைமுகக் கதையை மூன்றாவது ஆளிடம் சொல்லிக்கொண்டே சாக்கின் வாயை இடது கையால் பிடித்தார். வலது கை தன்பாட்டுக்கு மடிக்குள் போய், ஒரு பிடி பச்சை நொச்சியோடு வெளியே வந்தது.

அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். கதை நின்றது. அவர் தன் கையைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வேலையில சேந்துட்டியா?" என்றார்.

"சேந்துட்டேன் அண்ணாச்சி."

இலையை என் கையில் கொடுத்துவிட்டு ஊசியைக் குத்தினார்.